வாயில் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள்: ரோல்பிளே ஆட்டத்துக்கு ஓர் இனம் செய்யும் முறை

நான் முதலில் செய்த இனத்துக்குக் கொம்பு இருந்தது, கோரைப்பல் இருந்தது, கண் இரண்டும் தணல் மாதிரி இருந்தது. குணம் மட்டும் வெல்லம். யார் எதைக் கேட்டாலும் செய்வார்கள். இரண்டாம் ஞாயிறே என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் அவர்களைக் கூலியில்லாத சுமைதூக்கிகளாக ஆக்கிவிட்டார்கள். "மாமா, அந்தக் கொம்பனைக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கச் சொல்லுங்க." மூன்றாம் ஞாயிறு அந்த இனத்தை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. பயமுறுத்தும் முகமூடிக்குப் பின்னால் ஒரு நல்ல பையனை நிற்க வைத்தால் இதுதான் நடக்கும். முகமூடியை ஒரு தடவை கழற்றிவிட்டால் அப்புறம் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதை நடத்துவார், அவருக்கு டிஎம் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடுவார்கள். அந்தப் பாத்திரம் மனிதனா, வேறு வகை உயிரா என்பதுதான் இனம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கிய வகை இது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நான் சொல்லப்போகும் எண்ணெல்லாம் அந்த விதிகளை ஒட்டியவை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், மழை வந்தால் ஓடி ஒளிய மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம், இவ்வளவு போதும்.

முதல் படி: நோட்டை மூடிவிட்டு வெளியே போங்கள்

டெல்டாவில் இருந்துகொண்டு இந்த விஷயத்துக்கு வெளிநாட்டுப் படங்களைத் தேடுவது எனக்குப் புரியவே இல்லை. பார்க்கப் பயங்கரம், செய்வது காவல் என்பது இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது. பாதி கட்டிய வீட்டு வாசலில் நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை. ஊர் எல்லையில் உருட்டி விழிக்கும் அய்யனாரும் அரிவாளோடு நிற்கும் வீரனும். தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் பல் நீட்டிய துவாரபாலகர்.

அந்தத் துவாரபாலகர் காலடியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பாம்பு இருக்கும், அதன் வாயில் ஒரு யானை பாதி உள்ளே போயிருக்கும். யானை அவ்வளவு சிறிது என்றால் பாம்பு எவ்வளவு பெரிது, பாம்பே காலடியில் கிடக்கிறது என்றால் நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்று நம் கண்ணே கணக்குப் போட்டுக்கொள்கிறது. 1010 வாக்கில் முடிந்த கோயில். அளவைச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எந்த விதிப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "பன்னிரண்டு அடி உயரம்" என்று மேசையில் சொன்னால் யார் மனத்திலும் ஒன்றும் எழாது. "வாசல் நிலையில் அவர் முழங்கை இடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

சாமிகளை அப்படியே தூக்கி ஆட்டத்தில் வைக்க வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். உயிரினங்களிடம் போகலாம். சம்பா நட்ட வயலில் குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிப்பதற்காக வைப்பது. கூகை அலறினால் வீட்டில் சாவு என்று சொல்கிற அதே ஊர்தான் அதற்கு ஆசனமும் போட்டு வைக்கிறது! சாரைப் பாம்பும் இந்தக் கணக்குதான். அடித்துக் கொல்லப்படுவது அதிகம், அது தின்றுவிட்டுப் போகும் எலிக்குக் கணக்கு எழுதுகிறவர் யாரும் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது முதலை. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இப்போதும் உண்டு.

இரண்டாம் படி: ஒரே ஓர் உறுப்பு

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

பயமும் உதவியும் ஒரே உறுப்பிலிருந்து வர வேண்டும். கூகையைப் பார்த்துப் பயப்படுவது எதனால்? சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. எலியைப் பிடிப்பதும் அந்தச் சத்தமில்லாத சிறகால்தான். சிறகை எடுத்துவிட்டால் பயமும் போகும், உதவியும் போகும். என் முதல் இனத்தின் கொம்பை எடுத்துவிட்டால் என்ன குறையும்? ஒன்றுமில்லை. கொம்பு சும்மா ஒட்டியிருந்தது.

முதலையிடம் தாடையை எடுத்துக்கொண்டேன். தாய் முதலை முட்டை பொரிந்ததும் குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். எருமையின் காலை முறிக்கிற வாய், சாண் நீளக் குஞ்சை நசுக்காமல் தூக்குகிறது. இன்னொன்று: தாடைத் தோலில் புள்ளி புள்ளியாக உணர்வுக் குழிகள் உண்டு, தண்ணீரின் சின்ன அதிர்வையும் அவற்றால் அறியும். மூன்றாவதாக ஒரு பலவீனம். வாயை மூடும் தசை எவ்வளவு பலமோ, திறக்கும் தசை அவ்வளவு சோனி. வாயைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிட்டால் ஆள் அவுட்.

இந்த மூன்றையும் வைத்து என் இனத்தை எழுதினேன். பெயர் வண்டலார். ஏழடி உயரம், முதுகில் செதில் வரிசை, வாயை மூடினாலும் பல் வெளியே தெரியும். வெள்ளக் காலத்தில் கரையோரம் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருப்பார்கள். கரைக்குள்ளே தண்ணீர் கசிகிறதா என்று தாடையால் கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கரையைக் கடித்துத் தின்பது போல இருக்கும். உடைப்பு எடுத்துவிட்டால் ஆற்றில் இறங்கி, அடித்துப் போகிற பிள்ளைகளை வாயில் கவ்வித் தூக்கி வருவார்கள். இதுவும் பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாயில் பிள்ளை இருக்கும்போது பேச முடியாது. தான் யார், என்ன செய்கிறேன் என்று விளக்க முடியாத அந்த ஒரே நேரத்தில்தான் ஊர் அவர்களைப் பார்க்கிறது. இந்த வரியை எழுதியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இனம் கிடைத்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று. உங்கள் இனத்திலும் இப்படி ஒரு வரி கிடைக்கும் வரை மற்றதை எழுதாதீர்கள். இறக்கையா, குரலா, நகமா, எதுவாகவும் இருக்கட்டும். கூகைச் சிறகில் தொடங்கினால் உங்களுக்குக் கிடைக்கிற இனம் வேறு, என்னுடையதை நகல் எடுக்க வேண்டிய அவசியமே வராது.

மூன்றாம் படி: நல்லவர் என்றால் எதற்கு நல்லவர்

"கருணை மிக்கவர்கள்" என்று எழுதி நிறுத்திவிட்டால் திரும்பவும் சுமைதூக்கிதான். அவர்கள் எதைச் செய்வார்கள், எதை அடித்தாலும் செய்ய மாட்டார்கள் என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

இதற்கு டெல்டாவிலேயே ஒரு மூத்த உதாரணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரத்துச் சதுக்கபூதம். நாலு தெரு கூடும் இடத்தில் இருக்கும். பொய்த்தவசி, பொய்ச்சாட்சி சொல்கிறவன், பிறன்மனை நாடுகிறவன் இப்படிப்பட்டவர்களைப் பாசக்கயிற்றில் கட்டி அடித்துத் தின்னும். அதன் குரல் நாலு காதம் கேட்கும். ஒருநாள் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவன் கயிற்றில் மாட்டுகிறான், அவன் தாய் அழுகிறாள். பார்த்த கோவலன் தானே கயிற்றுக்குள் புகுந்து, என்னை எடுத்துக்கொள், அவனை விடு என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. கீழ்மகன் உயிருக்கு நல்லவன் உயிரை ஈடாக வாங்கும் நெறி தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தத் தாயின் கண்ணெதிரே அவனைத் தின்றுவிடுகிறது.

நல்லதா அது? ஊருக்கு நல்லதுதான். ஆனால் அதனிடம் போய் யாராவது "மூட்டையைத் தூக்கு" என்பார்களா? கருணைக்கு எல்லைக்கல் இருந்தால்தான் மரியாதையும் இருக்கும்.

வண்டலாருக்கு நான் எழுதியது: வெள்ளத்தில் சிக்கிய எந்த உயிரையும் தூக்குவார்கள், பகைவன் பிள்ளை என்றாலும். ஆனால் தூக்குகிற வரிசையை அவர்களே முடிவு செய்வார்கள். சின்னது முதலில். ஜமீன்தார் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பொற்காசுப் பையைக் காட்டினாலும் அவர் முறை வரும்போதுதான். கரையை வேண்டுமென்றே வெட்டியவனை மட்டும் தூக்கமாட்டார்கள். இந்தக் கடைசி விதி ஒன்றை வைத்தே எங்கள் மேசையில் மூன்று வாரம் சண்டை ஓடியது. மேட்டுத் தெருவைக் காப்பாற்றப் பள்ளத் தெருப் பக்கம் கரையை வெட்டிவிட்டவன் ஒருவன், அவனே தண்ணீரில் விழுந்துவிட்டான். தூக்கலாமா, கூடாதா?

நான்காம் படி: இடமும் காலமும்

இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். உங்கள் ஊரை எடுத்துப் பெயரை மாற்றுங்கள். காவிரி கல்லணையில் தொடங்கி அங்கங்கே பிரிந்து வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று விரல் விரலாக ஓடுகிற படமே ஒரு நல்ல ஆட்ட வரைபடம். மிஞ்சின வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தில் போகும். அதனால் வண்டலாரைக் கொள்ளிடம் மாதிரி ஓர் ஆற்றின் படுகையில், நாணலுக்கும் கோரைக்கும் நடுவில் குடிவைத்தேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் சில அடித்துக்கொண்டு போனதே, அந்தச் செய்தியைப் படித்த ராத்திரியே ஒரு சாகசம் எழுதிவிட்டேன்.

காலத்துக்கு மூன்று நாள் போதும். ஆனி வாக்கில் முதல் தண்ணீர் வருகிற நாள். நம் பக்கம் மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆடிப்பெருக்கு. அன்றைக்குப் படித்துறையில் கடைசிப் படியில் ஓர் இலையில் காப்பரிசி வைத்துவிட்டு வருவார்கள், யாருக்கு என்று பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். பிறகு ஐப்பசி அடைமழை, உடைப்புக் காலம்.

ஊருக்கும் அவர்களுக்கும் பகை ஏன் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் மண்ணிலிருந்தே வரட்டும். முதலை கரையில் வளை தோண்டும். நண்டும் எலியும்கூடத் தோண்டும். கரை நண்டு வளையில் தொடங்கும் கசிவாலும் உடையலாம், ஆனால் உடைந்த இடத்தில் பெரிய வளை ஒன்று இருந்தால் ஊர் யாரைச் சொல்லும்? வண்டலாரிலும் சில சோம்பேறிகள் கரையிலேயே வளை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். ஊரின் கோபத்தில் கால்வாசி நியாயம் இருக்கட்டும். முழுக்க அநியாயமான கோபம் மேசையில் சீக்கிரம் சலித்துவிடும்.

ஐந்தாம் படி: எண்கள்

புதியவர்கள் இங்கேதான் முதலில் உட்காருவார்கள், நான் வேண்டுமென்றே ஐந்தாவதாக வைத்தேன்.

ஐந்தாம் பதிப்பில் ஒரு பாத்திரத்துக்கு ஆறு திறன்கள்: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். 2014 புத்தகத்தில் இனத்தைப் பொறுத்துத் திறன் கூடும். 2024 திருத்தத்தில் அந்தக் கூடுதலைப் பாத்திரத்தின் பழைய வாழ்க்கைப் பின்னணிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் ஆடினால் வண்டலாருக்கு உடலுறுதி 2, விவேகம் 1 கூட்டிக்கொள்ளுங்கள். வலிமையைக் கூட்டத்தான் கை போகும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். வலிமையைக் கூட்டினால் எல்லாரும் அவரைச் சண்டைக்குத்தான் எடுப்பார்கள்.

அளவு நடுத்தரம். நடை 30 அடி, நீச்சலும் 30 அடி. இருட்டுப் பார்வை 60 அடி. 15 நிமிடம் மூச்சடக்கலாம். கடித்தால் காயம் ஆறுமுகப் பகடை ஒன்றோடு வலிமைக் கூட்டல். தரையில் தாடை வைத்து ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், 60 அடிக்குள் மண்ணிலோ தண்ணீரிலோ நடமாடுவது எதுவும் தெரியும். வாயில் ஓர் ஆளை, சிறிய அளவு வரை, காயமின்றித் தூக்கலாம். தூக்கியிருக்கும்வரை பேச்சும் இல்லை, கடியும் இல்லை, மந்திரச் சொல்லும் இல்லை. வாயைக் கட்டிவிட்டால் அதை அறுக்கும் உருட்டலில் பாதகம்.

பாதகம் என்றால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது, சாதகம் என்றால் கூடியதை எடுப்பது. எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் "பஞ்சமாபாதகமா மாமா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதேதான். நடுத்தரக் கடினமான காரியத்துக்கு 15 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும். கூட்டல் ஏதும் இல்லாமல் ஒரு பகடையில் அது நூற்றுக்கு 30 தடவை விழும். பாதகத்தில் நூற்றுக்கு 9தான். சாதகத்தில் 51.

அதனால் "முகம் பயங்கரம், ஆகவே எப்போதும் பேச்சில் பாதகம்" என்று எழுதிவிடாதீர்கள். நூற்றுக்கு 9 என்ற கணக்கில் மாதக்கணக்காக யாரும் விளையாட முடியாது. அந்த ஆள் வாயைத் திறக்கவே மறந்துவிடுவான். நான் வைத்தது ஊருக்கு ஒரு கணக்கு. புது ஊரில் முதல் பேச்சில் பாதகம், மிரட்டினால் சாதகம். அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னிலையில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டால் பாதகம் போய்விடும். ஆனால் யாரையாவது மிரட்டிச் சாதகத்தை எடுத்துக்கொண்டால், அந்த ஊரில் பாதகம் நிரந்தரம். மிரட்டல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் சுலபமாக இருக்கும். எடுப்பதா வேண்டாமா என்று ஆடுகிறவர் ஒவ்வொரு ஊர் வாசலிலும் யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

பெயரைச் சொல்லி அறிமுகம் செய்யாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒருவன் எந்த வரிசையில் பார்ப்பானோ அந்த வரிசையில் சொல்லுங்கள். பல் கடைசியில் வரட்டும்.

எங்கள் மேசையில் நடந்தது இது. ஐப்பசி ராத்திரி, மழை, கரையில் காவல் நிற்கிறார்கள். முதலில் சேற்று வாடை. அப்புறம் தண்ணீரில் பந்தத்தின் வெளிச்சம் பட்டதும் இரண்டு சிவந்த பொட்டு. பொட்டு உயர்கிறது. ஆளுயரம் தாண்டியும் உயர்கிறது. பிறகு பல். பல்லுக்கு நடுவில் ஒரு சின்னக் கை, கறுப்பு வளையல் போட்டது, அசைகிறது.

"அம்பு விடுறேன்" என்றான் அக்கா மகன். பகடையில் 17. தோளில் பாய்ந்தது.

"அது என்ன பண்ணுது மாமா?"

"ஒண்ணும் பண்ணல. நடந்து வருது."

"பேசுதா?"

"இல்ல."

அவன் கூட்டாளி அடுத்த அம்புக்குப் பகடையை எடுத்தான். உருட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கரையேறி, தாடையைத் தரையில் வைத்து, வாயைத் திறந்தது என்றேன். எச்சிலும் சேறுமாக ஒரு பெண்பிள்ளை உருண்டு விழுந்து வீறிட்டு அழுதது. மாடியில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கீழே பால்காரர் மணி அடித்தது மட்டும் கேட்டது.

வண்டலார் பேசிய முதல் வார்த்தையில் தத்துவம் எதுவும் வைக்கவில்லை. "இன்னும் ரெண்டு பேரு உள்ள இருக்காங்க. தள்ளிக்க." அம்பு தோளில் இருக்க மறுபடி இறங்கிவிட்டார். நல்லவர்களை மேசையில் பேச வைக்கும்போது உபதேசம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். அவர்களுக்கு வேலை கொடுத்துவிடுங்கள், பேச நேரம் இருக்காது.

ஏழாம் படி: பெயரும் ஒரு எச்சரிக்கையும்

மடையைக் காக்கிறவர்கள் என்று "மடையர்" என முதலில் வைத்தேன். சிரித்துச் சிரித்து அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை. எந்தப் பெயரையும் முடிவு செய்யும் முன் சத்தமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காவல் தெய்வத்தின் பெயரை ஓர் அரக்க இனத்துக்கு வைத்திருந்தேன். ஆட வந்த ஒருவருக்கு அது குலதெய்வம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வரவில்லை. நாலு வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது, தப்பு முழுக்க என்னுடையது. முடியிறக்கி, பொங்கல் வைத்து, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற சாமி பகடை உருட்டும் இடத்துக்கு வரக்கூடாது. அதேபோல உண்மையான ஒரு சாதியின் தொழில், பேச்சு, உடை எதுவும் உங்கள் பயங்கர இனத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறத்தைப் பயத்துக்கு அடையாளமாக வைக்கவே வைக்காதீர்கள். வண்டலார் தோல் காய்ந்த வண்டலின் சாம்பல் நிறம், மழையில் பாசிப்பச்சை. இனம் என்ற சொல்லே உறுத்தினால் 2024 புத்தகமும் உங்கள் பக்கம்தான், அங்கே உயிரின வகை என்று பொருள்படும் சொல்லுக்கு மாறிவிட்டார்கள்.

எட்டாம் படி: ஆடிப் பார்த்துத் திருத்துங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதி மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். மீதியை ஆடுகிறவர்கள் கேள்வியாகக் கேட்பார்கள், கேள்வி வரும்போது அங்கேயே பதில் சொல்லித் தீர்த்துவிடாமல் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டலாரில் நானாக யோசித்தது பாதிதான்.

கல்யாணம் உண்டா, சம்பா அரிசி சாப்பிடுவார்களா, கோடையில் ஆறு வறண்டால் எங்கே போவார்கள் என்று நிறைய வந்தது. கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இன்னும் என்னிடம் இல்லை. எதிர்வீட்டுப் பெண் கேட்டதுதான் விதியாகவே மாறியது. "அதுக்குப் பல்லு விழுமா மாமா?"

விழும். முதலைக்கு ஆயுசு முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிறு நோட்டில் இப்படி எழுதிக்கொண்டு போனேன்: பிள்ளையைத் தூக்கி வரும்போது எந்தப் பல் ஆடுகிறதோ அதைப் பிடுங்கி அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவார்கள். அரைஞாணிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளும். வளர்ந்து எந்த ஊருக்குப் போனாலும், அந்தப் பல்லைக் கட்டியிருப்பவர் கூட நின்றால் வண்டலாரின் முதல் பேச்சில் பாதகம் கிடையாது. ஒரு பல் ஓர் ஊருக்கு ஒரு தடவைதான் செல்லும்.

அவள் தன் பாத்திரத்தாளை எடுத்து, உடைமைகள் என்ற கட்டத்தில் கயிறு, பந்தம், பத்துப் பொற்காசு என்று எழுதியிருந்ததற்குக் கீழே "பல் - 1" என்று சேர்த்துக்கொண்டாள்.